டவர் நிற்கிறது, சிக்னல் இல்லை: செல்போன் வலையமைப்புக்கு எதற்கு மின்சாரச் சட்டம்?

புயல் கரை கடந்த மறுநாள் எந்த ஊரிலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "டவர் விழுந்துடுச்சு போல, சிக்னலே இல்ல." மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் டவர் இருந்த இடத்தில் அப்படியே நிற்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுபோய் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அதே ஜெனரேட்டரில் காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். ஆனால் சார்ஜ் ஏறிய போன் பேச வேண்டுமென்றால் டவருக்கும் கரண்ட் வேண்டும். டவரும் சாய்ந்து கிடந்த அதே கம்பத்திலிருந்து கரண்ட் வாங்குவதுதான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை இல்லை. 2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவை எரித்த காட்டுத்தீயின் போது எத்தனை தொலைத்தொடர்பு நிலையங்கள் முடங்கின, ஏன் முடங்கின என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஆக்மா கணக்கெடுத்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்த முடக்கங்கள் 888. அவற்றில் தீ நேரடியாக எரித்தது சுமார் 1 சதவீதம்தான். 88 சதவீதத்துக்குக் காரணம் கரண்ட் போனது.

தொலைத்தொடர்பு வலையமைப்பு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும், வெள்ளத்தையும் வெயிலையும் தாங்க வேண்டும் என்று பல நாடுகள் சட்டம் போடுகின்றன. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். சிக்கனம் என்றால் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் விஷயம். தாங்குதிறன் என்றால் பேரிடர் மேலாண்மைத் துறையின் விஷயம். அப்புறம், "5ஜி டவர் கரண்டைத் தின்னுது" என்று மூன்றாவது ஒரு கட்சி. எனக்கு இவை எல்லாம் ஒரே பேட்டரியின் கணக்காகத்தான் தெரிகின்றன. அந்த பேட்டரி இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம்.

## டவரின் காலடியில்

டவர் என்றதும் நாம் பார்ப்பது இரும்புச் சட்டத்தையும் அதன் உச்சியில் தொங்கும் வெள்ளைப் பெட்டிகளையும். கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும். கம்பி வேலிக்குள் ஒரு அலமாரி, அல்லது சின்னத் தகர அறை. பக்கத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர், புகையும் எண்ணெய்க் கறையுமாக. பழைய நிலையமாக இருந்தால் அறைச் சுவரில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்.

மின்வாரியத்திலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம். டவர் கருவிகளுக்குத் தேவை 48 வோல்ட் நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவிக்குப் பெயர் ரெக்டிஃபையர். மாற்றிய மின்சாரத்தில் ஒரு பகுதி கருவிகளுக்குப் போகும். மற்றொரு பகுதி பேட்டரிக்குப் போகும். பழைய வகை ஈய-அமில பேட்டரி என்றால், 2 வோல்ட் செல்கள் 24 வரிசையாக இணைக்கப்பட்டு 48 வோல்ட் ஆகும். இப்போது லித்தியம் பேட்டரிகளும் வந்துவிட்டன. இடம் குறைவு, எடை குறைவு.

கரண்ட் போனால் அந்த நொடியே பேட்டரி சுமையை ஏற்கும், போனில் பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி இறங்கத் தொடங்கினால் ஜெனரேட்டர் ஓடும். டீசல் தீர்ந்தால் யாராவது கேனில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். சாலையில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் அந்தக் கேன் வராது. டவர் இப்படித்தான் அணைகிறது.

## இன்வெர்ட்டர் கணக்கு

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதற்குத் தனி விளக்கமே வேண்டாம். கரண்ட் போன ராத்திரியில் ஒரு ஃபேன், ஒரு பல்பு என்று இருந்தால் விடியும்வரை ஓடும். நாலு ஃபேனும் டிவியும் போட்டால் நடுராத்திரிக்கு முன்பே கீ கீ என்று கத்தத் தொடங்கும். பேட்டரி அதேதான். மாறியது சுமை.

டவரிலும் இதே வகுத்தல் கணக்குதான். உதாரணத்துக்கு 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 28,800 வாட்-மணி, அதாவது 28.8 யூனிட். முழுவதையும் உறிஞ்சினால் பேட்டரி கெட்டுவிடும் என்பதால் 80 சதவீதம் பயன்படுத்தலாம். சுமார் 23 யூனிட். டவர் மணிக்கு 3 யூனிட் இழுத்தால் ஏழரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக நிற்கும். அதே டவர் மணிக்கு ஒன்றரை யூனிட்டில் வேலை செய்யப் பழகிவிட்டால் 15 மணி நேரம். ஒரு செல்கூட கூடுதலாக வாங்கவில்லை, ஆனால் தாங்கும் நேரம் இரட்டிப்பு.

இங்கே இரண்டு சொற்களுக்குப் பொருள் சொல்லிவிடுகிறேன். அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடிப்பது ஆற்றல் சிக்கனம். வெள்ளம், புயல், வெப்ப அலை வந்தாலும் சேவை நிற்காமல் இருப்பது, நின்றாலும் சீக்கிரம் எழுந்துவிடுவது, இது தாங்குதிறன். மேலே போட்ட கணக்கில் முதலாவதைச் செய்தபோது இரண்டாவதில் ஒரு பங்கு சும்மாவே கிடைத்தது.

வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈய-அமில பேட்டரி 25 டிகிரியில் வாழப் பிறந்தது. அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வேலூரிலோ திருத்தணியிலோ மே மாத மதியத்தில் ஒரு தகர அறைக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஏசி. ஏசி ஓடினால் சுமை கூடும்; சுமை கூடினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; கரண்ட் போய் ஏசி நின்றால் பேட்டரி சூட்டில் வேகும். வெப்ப அலையின் போது ஊரெல்லாம் ஏசி போட்டு டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பதும் அதே மதியத்தில்தான். திறந்தவெளியிலேயே வெயிலைத் தாங்கும்படி கருவிகளைச் செய்து, ஏசி அறையே இல்லாமல் ஆக்கியது இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய மின்சேமிப்புகளில் ஒன்று. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டவரை வீழ்த்துவது பெரும்பாலும் மின்தடை. மின்தடையை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது பேட்டரியின் அளவையும் டவர் இழுக்கும் சுமையையும் பொறுத்தது. வெயில் இரண்டையும் கெடுக்கும்.

## சரி, 5ஜி கரண்டைத் தின்கிறதா?

ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும்.

ஒரு மொபைல் நிறுவனம் செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு போவது டவர் உச்சியில் இருக்கும் ரேடியோ கருவிகளுக்கு. அவற்றுக்குள்ளும் அதிகம் விழுங்குவது சிக்னலைப் பெரிதாக்கி அனுப்பும் பெருக்கி. 5ஜி ஆன்டெனாவுக்குள் இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பெருக்கிகள் பல வரிசையாக இருக்கும். எனவே ஒரு டவரில் 5ஜி பொருத்தினால் அந்த டவரின் மின்கட்டணம் ஏறத்தான் செய்யும். ஆனால் அதே மின்சாரத்தில் பல மடங்கு டேட்டாவை அது கடத்துகிறது. ஒரு ஜிபிக்கு என்று கணக்குப் பார்த்தால் 4ஜியைவிடக் குறைவு.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, யாரும் பேசாதபோது டவர் என்ன செய்கிறது? 4ஜி டவர் "நான் இங்கே இருக்கிறேன்" என்ற வழிகாட்டிச் சைகையை ஒவ்வொரு மில்லி நொடியிலும் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அனுப்பும். 5ஜியில் அந்த அறிமுகச் சைகை வழக்கமாக 20 மில்லி நொடிக்கு ஒரு தடவை போதும். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் பெருக்கியை அணைத்துவைக்கலாம். இதற்குத் தூக்க நிலை என்று பெயர். இடைவெளி நீளமானால் ஆழ்ந்து தூங்கலாம், மிச்சமும் கூடும்.

தூங்க முடியும் என்பதற்காக எல்லா டவரும் தூங்கிவிடுவதில்லை. நிறுவனம் அந்த வசதியை இயக்க வேண்டும். சேவைத் தரம் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் இயக்காமலே விட்டுவைப்பதும் உண்டு. கருவி வாங்கும்போதே விதி பேச வேண்டுமா, ஓட்டும் விதத்தைப் பற்றிப் பேச வேண்டுமா என்ற கேள்வி இங்கே வந்துவிடுகிறது.

## சட்டம் எந்த உருவத்தில் வரும்

சட்டம் என்றால் நாடாளுமன்றம் நிறைவேற்றியது மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தொலைத்தொடர்பில் உண்மையான அழுத்தம் கீழ்ப்படியில்தான் இருக்கும். மேலே சட்டம், அதன் கீழ் அரசு வகுக்கும் விதிகள், அதன் கீழ், நிறுவனம் தொழில் நடத்த வாங்கும் உரிமத்தில் எழுதிய நிபந்தனைகள். நிபந்தனையை மீறினால் அபராதம், ரொம்பவும் போனால் உரிமமே போகும். பின்னால் பார்க்கப்போகும் 72 மணி நேரம், 50 சதவீதம் போன்ற எண்களைப் பெரும்பாலும் இந்தக் கீழ்ப்படிகளில்தான் தேட வேண்டும்.

இந்தியாவில் இதற்கு இரண்டு அமைப்புகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இப்படிப்பட்ட விஷயங்களில் பரிந்துரை செய்யும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அதை ஏற்கும், மாற்றும், அல்லது கிடப்பில் போடும். "டிராய் உத்தரவு" என்று செய்தியில் வருவதில் பாதி வெறும் பரிந்துரைதான்.

## 200 கோடி லிட்டர் டீசல்

2011 ஏப்ரலில் பசுமைத் தொலைத்தொடர்பு பற்றி டிராய் ஒரு பரிந்துரை வெளியிட்டது. அப்போது நாட்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டவர்கள் இருந்தன. கிராமங்களில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. ஒரு டவர் ஜெனரேட்டர் மணிக்குச் சுமார் 2 லிட்டர் டீசல் குடிக்கும். இவற்றை வைத்து டிராய் போட்ட கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி லிட்டர் டீசல் வந்தது. ஒரு லிட்டருக்கு 2.63 கிலோ கரியமில வாயு என்றால் 50 லட்சம் டன்னைத் தாண்டுகிறது.

அதன் அடிப்படையில் 2012 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2015க்குள் கிராமப்புற டவர்களில் 50 சதவீதமும் நகர்ப்புற டவர்களில் 20 சதவீதமும் கலப்பு மின்சாரத்தில் ஓட வேண்டும். 2020க்குள் அது 75, 33 சதவீதம் ஆக வேண்டும். கலப்பு மின்சாரம் என்றால் மின்வாரியக் கரண்டோடு சூரிய ஒளி, காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் சேர்ப்பது. தங்கள் கார்பன் உமிழ்வு எவ்வளவு என்று கணக்குக் காட்டவும் சொன்னது.

நிறுவனங்கள் முணுமுணுத்தன. அதில் நியாயமும் இருந்தது, ஒரு கணக்குப் போட்டால் தெரியும். மணிக்கு 3 யூனிட் இழுக்கும் டவருக்கு நாளுக்கு 72 யூனிட் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்கு நான்கு யூனிட் சொச்சம் தரும். சூரிய ஒளியிலேயே முழுக்க ஓட்டுவதென்றால் 18 கிலோவாட் தகடுகள். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 1,800 சதுர அடி. மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடியின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே நிற்கும் டவருக்கு அந்த இடம் எங்கே கிடைக்கும்? கலப்பு என்பதால் முழுவதும் சூரியனிலிருந்தே வர வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் இன்னொரு ஓட்டையும் இருந்தது: டவர் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால், டீசலே அதிகம் குடிக்காத டவரில் நாலு தகடு மாட்டிக் கணக்கில் சேர்த்துவிடலாம். ஊற்றும் டீசலின் அளவு அப்படியே இருக்கும்.

2017 அக்டோபரில் டிராய் தந்த அடுத்த பரிந்துரையில் கார்பன் கணக்கு முன்னுக்கு வந்தது: 2011-12ஐ அடிப்படையாக வைத்து சராசரி உமிழ்வை 2019-20க்குள் 30 சதவீதமும் 2022-23க்குள் 40 சதவீதமும் குறைப்பது. எனக்கு இந்த அளவுகோல்தான் சரியென்று படுகிறது. தகடு மாட்டுவாயோ, ஏசியை எடுப்பாயோ, கருவியைத் தூங்கவைப்பாயோ, அது உன் பாடு. புகை குறைந்ததா என்று மட்டும் கேட்கிறது. ஆனால் சரிபார்ப்பது கடினம். தகட்டை வெளியில் நின்றே எண்ணிவிடலாம். கார்பனுக்கு நிறுவனம் எழுதித் தருவதைத்தான் நம்ப வேண்டும்.

## 8 மணி நேரம் செத்தது, 72 மணி நேரம் பிழைத்தது

இனி தாங்குதிறன் பக்கம். இதற்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே ஒரு விதி செத்ததையும் இன்னொரு விதி பிழைத்ததையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் செத்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட செல்போன் நிலையங்கள் அணைந்தன. இரண்டு ஆண்டு கழித்து, 2007இல், அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி ஒரு விதி போட்டது: ஒவ்வொரு செல்போன் நிலையத்திலும் 8 மணி நேரத்துக்கும், தொலைபேசி மைய அலுவலகங்களில் 24 மணி நேரத்துக்கும் காப்பு மின்சாரம் இருக்க வேண்டும். காப்பு மின்சாரம் என்பது மின்வாரிய இணைப்பு போனால் கைகொடுக்கும் பேட்டரியும் ஜெனரேட்டரும். நிறுவனங்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. 2008 நவம்பரில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் அந்த விதிக்கு ஒப்புதல் தர மறுத்தது. காரணம் பேட்டரியின் விலையும் இல்லை, எடையும் இல்லை. எந்த நிலையத்தில் என்ன இருக்கிறது என்று நிறுவனங்கள் எழுதித்தர வேண்டிய காகித வேலை பற்றிய ஆட்சேபம். விதி நடைமுறைக்கே வராமல் போனது. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்தபோது அங்கே 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட செல்போன் நிலையங்கள் அணைந்தன.

அடுத்தது கலிபோர்னியா. காற்று வீசும் நாளில் மின்கம்பி உரசித் தீப்பிடிக்கும் என்பதால் அங்கே மின்நிறுவனமே முன்னெச்சரிக்கையாகக் கரண்டை நிறுத்திவிடும். 2019 அக்டோபர் கடைசியில் அப்படி நிறுத்தியபோது மரின் மாவட்டத்தில் 57 சதவீத செல்போன் நிலையங்கள் அணைந்தன. காட்டுத்தீ வருகிறது, ஊரைக் காலி செய் என்ற எச்சரிக்கை வர வேண்டிய போனில் சிக்னல் இல்லை.

2020 ஜூலையில் அந்த மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் உத்தரவிட்டது: தீ அபாயம் அதிகமுள்ள பகுதிகளில் மொபைல் நிறுவனங்கள் 72 மணி நேரக் காப்பு மின்சாரம் வைத்திருக்க வேண்டும், அதற்கு 12 மாத அவகாசம். இந்த விதி பிழைத்தது. ஏன் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். பழைய விதி நாடு முழுக்க எல்லா டவருக்கும் ஒரே எண்ணைச் சொன்னது. புதியது வரைபடத்தில் அபாயப் பகுதியைக் கோடு போட்டுக் காட்டி, அங்கே மட்டும் கேட்டது. அதோடு எந்தச் சேவை நிற்கக் கூடாது என்பதையும் சொன்னது: அவசர அழைப்பு, எச்சரிக்கைச் செய்தி, அடிப்படைத் தகவல் தேடும் அளவுக்கு இணையம். கரண்ட் இல்லாத ராத்திரியில் ஊரே சினிமா பார்க்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. எல்லாரும் முழு வேகத்தில் வீடியோ ஓட்டாவிட்டால் டவரின் சுமையும் குறையும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

சுருக்கமாகச் சொன்னால், சிக்கன விதி கேட்பது எவ்வளவு டீசல் எரிந்தது, எவ்வளவு புகை வந்தது என்று. தாங்குதிறன் விதி கேட்பது எத்தனை மணி நேரம் நின்றாய் என்று.

## இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம்

சிக்கனமும் தாங்குதிறனும் ஒரே கணக்கு என்றேன். எப்போதும் கைகோர்த்தே போகும் என்று சொல்லிவிட முடியாது.

நம் 3 யூனிட் டவர் 72 மணி நேரம் நிற்க 216 யூனிட் வேண்டும். முன்பு எடுத்துக்கொண்ட பேட்டரியைப் போல ஒன்பதுக்கும் மேல். டீசல் என்றால் மணிக்கு 2 லிட்டர் வீதம் 144 லிட்டர். ஒரு பீப்பாயில் அடங்கிவிடும். எந்தக் கணக்குப்பிள்ளையும் டீசலைத்தான் கை காட்டுவார். அதாவது மணி நேரத்தை மட்டும் உயர்த்தும் விதி, பசுமை விதி துரத்திவிட்ட ஜெனரேட்டரை மறுபடியும் உள்ளே அழைத்துவருகிறது. எப்போதாவது ஒரு புயலுக்கு எரியும் டீசலைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. தினமும் ஆறு மணி நேரம் எரிவதுதான் பிரச்சினை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத விதி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சொதப்பும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு முட்டல் உண்டு. சிக்கனம் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் ஒரே டவரில் கருவி பொருத்துகின்றன, ஒரே பேட்டரி, ஒரே கேபிள். செலவு மிச்சம், மின்சாரமும் மிச்சம். ஆனால் அந்த ஒரு டவர் அணைந்தால் இரண்டு சிம்மும் ஒன்றாகச் செத்துவிடும். வெள்ளக்காலத்தில் "இன்னொரு சிம் வச்சிருக்கேன்" என்ற தெம்பு பல இடங்களில் வெறும் பிரமைதான்.

## கரண்ட் இருந்தும் சிக்னல் இல்லாதபோது

டவருக்குக் கரண்ட் இருந்தால் மட்டும் போதாது. டவரிலிருந்து நிறுவனத்தின் மையத்துக்குப் போகும் இணைப்பும் உயிரோடு இருக்க வேண்டும். அது ஃபைபர் கேபிளாக இருக்கலாம், அல்லது டவருக்கு டவர் மைக்ரோவேவ் தட்டு மூலம் போகலாம். பலத்த காற்றில் அந்தத் தட்டு ஓரிரண்டு டிகிரி திரும்பினாலே எதிர்த் தட்டைப் பார்க்காது, இணைப்பு அறுந்துவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மரம் சாயும்போது வேரோடு சேர்ந்து புதைத்த கேபிளும் வரும். மிச்சம் இருப்பதை மரம் அகற்ற வருகிற ஜேசிபி அறுக்கும்.

இதற்கு விதிகள் வைத்திருக்கும் ஒரு மருந்து, பேரிடர்க் கால ரோமிங். உங்கள் கம்பெனியின் டவர் அணைந்தாலும் பக்கத்தில் வேறு கம்பெனியின் டவர் உயிரோடு இருந்தால் உங்கள் போன் அதைப் பிடித்துக்கொள்ளலாம். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத்தை நெருங்கியபோது தொலைத்தொடர்புத் துறை சில மாவட்டங்களில் இதை அனுமதித்தது. அமெரிக்காவில் இது முதலில் நிறுவனங்கள் தாமாக ஒப்புக்கொண்ட ஏற்பாடாக 2016இல் வந்தது, 2022இல் எஃப்.சி.சி அதைக் கட்டாயமாக்கியது. ஒரு பேட்டரிகூட வாங்காமல் தாங்குதிறன் கூட்டும் வழி இது. போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளரைத் தன் டவரில் ஏற்றிக்கொள்ள யாரும் தானாக முந்திக்கொண்டு வருவதில்லை என்பதால்தான் விதி தேவைப்படுகிறது.

இந்தியாவின் தொலைத்தொடர்புச் சட்டம், 2023, 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன் 20வது பிரிவு, பேரிடர் உள்ளிட்ட பொது அவசர நிலைகளில் ஒரு வலையமைப்பைத் தற்காலிகமாகக் கையில் எடுக்கவும், மீட்புப் பணியில் இருப்பவர்களின் செய்திகளுக்கு முன்னுரிமை தரச் சொல்லவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதே பிரிவில்தான் இணையத்தை முடக்கும் அதிகாரமும் இருக்கிறது, அதனால் விவாதம் முழுக்க அந்தப் பக்கமே போய்விட்டது. பேட்டரியும் மணி நேரமும் இந்தப் பிரிவில் இல்லை. அவை வர வேண்டிய இடம் இதன் கீழ் வகுக்கப்படும் விதிகளும் நிபந்தனைகளும்.

## கணக்குக் காட்டச் சொல்லும் சட்டங்கள்

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. இது எண்ணைக் கட்டளையிடாமல் கணக்கை வெளியிடச் சொல்லும். பிரான்ஸ் 2021 நவம்பரில், டிஜிட்டல் துறையின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்க ஒரு சட்டம் இயற்றியது. அடுத்த மாதமே இன்னொரு சட்டம், அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆர்செப்புக்கு நிறுவனங்களிடம் சுற்றுச்சூழல் தரவுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தைக் கூட்டியது. ஜெர்மனி ஒரு படி மேலே போய், இணையத் தரவுகளைச் சேமிக்கும் கணினிக் கூடங்களான டேட்டா சென்டர்களுக்கு 2023இல் நேரடியாக எண்ணையே வைத்தது. டேட்டா சென்டர் மொத்தம் இழுக்கும் மின்சாரத்தை, அதில் கணினிகளுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பி.யு.இ. எண் 1 என்றால் ஒரு துளி வீண் இல்லை. 2 என்றால் குளிரூட்டவும் மற்றதற்கும் மட்டும் இன்னொரு பங்கு போகிறது. 2026 ஜூலை 1 முதல் இயங்கத் தொடங்கும் டேட்டா சென்டர்கள் 1.2க்குள் இருக்க வேண்டும் என்கிறது ஜெர்மன் சட்டம். டவருக்கு இப்படி ஒரே எண்ணில் அடக்கிவிடும் அளவுகோல் இன்னும் இந்த அளவுக்கு வேரூன்றவில்லை, அதனால்தான் டவர் பற்றிய சட்டங்கள் மணி நேரம், சதவீதம், டன் என்று ஆளுக்கொரு மொழியில் பேசுகின்றன.

## பில் யாருக்கு?

இந்தியாவில் பல இடங்களில் டவரின் உரிமையாளர் ஒருவர், அதில் கருவி பொருத்திய மொபைல் கம்பெனி வேறொருவர். டவர் கம்பெனி கரண்டுக்கும் டீசலுக்கும் ஆன செலவை அப்படியே மொபைல் கம்பெனிக்குப் பில் போடும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி இருக்கும்போது புதிய பேட்டரியிலும் சூரியத் தகட்டிலும் காசு போட வேண்டியவர் டவர்க்காரர். மிச்சமாகும் டீசலின் பலன் போவது இன்னொருவருக்கு. டவர்க்காரர் ஏன் போடுவார்? மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசிக்கொண்டால் கதை மாறும். மிச்சம் பிடிப்பது டவர்க்காரரின் பைக்கே போகும். எத்தனையோ உத்தரவுகள் செய்யாததை இந்த ஒப்பந்தத்தின் ஒரு பத்தி செய்துவிடும்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. காட்டுத்தீக்குப் பிறகு, அரசு உதவியில் கட்டப்பட்ட தொலைதூர டவர்களின் பேட்டரியை 12 மணி நேரத்துக்கு உயர்த்த அரசே பணம் ஒதுக்கியது. ஆள் குறைவான இடத்தில் டவர் வைப்பதே நிறுவனத்துக்கு நஷ்டம். அங்கே போய் மணி நேரத்தையும் கூட்டு என்றால் டவரையே எடுத்துவிடுவார்கள் என்ற நிலையில் இது நியாயமான ஏற்பாடுதான்.

அப்புறம் மின்வாரியம். இதுவரை சொன்ன எல்லா விதியும் தொலைத்தொடர்பு நிறுவனத்தைப் பார்த்துப் பேசுகிறது. ஆனால் புயலுக்குப் பிறகு எந்த ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்குக் கரண்ட் கொண்டுபோகும் எந்த மின்பாதையை, முதலில் சரிசெய்வது என்று முடிவெடுப்பது மின்வாரியப் பொறியாளர். அவர் கையில் இருக்கும் பட்டியலில் மருத்துவமனை இருக்கும், குடிநீர் நிலையம் இருக்கும். டவர் இருக்கிறதா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரு ஃபீடரில் நாலு டவர் தொங்குகிறது என்ற தகவல் டவர் கம்பெனியிடம் இருக்கும். ஃபீடரின் வரைபடம் மின்வாரியத்திடம் இருக்கும். இந்த இரண்டு காகிதங்களையும் மழைக்காலத்துக்கு முன்பே ஒரே மேஜையில் வைக்கச் சொல்வதற்குப் பேட்டரி வாங்கும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. 72 மணி நேரம் கேட்கும் விதியை எழுதுகிறவர்கள் முதலில் இதைக் கேட்டிருந்தால், பல இடங்களில் 12 மணி நேரமே போதுமானதாக இருந்திருக்கும்.